கதை நேரத்துக்குக் கூட்டம் வருகிறது, புத்தகம் எடுக்கத்தான் ஆளில்லை

மார்ச் 2 (ஒரு வாசகர் கேட்டது)

சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்கள், காகிதம் மடிக்கச் சொல்லித் தருகிறார்கள், சமயத்தில் பொம்மலாட்டமும் உண்டு. உட்கார இடமில்லாத கூட்டம். ஆனால் நிகழ்ச்சி முடிந்த மறுநிமிடம் எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் அபூர்வம். இதற்கு எதற்கு நூலகம்? ஏதாவது ஒரு மண்டபம் போதுமே? வாசிப்பை வளர்க்கிறோம் என்பதெல்லாம் சும்மா பேச்சுதானே?

மார்ச் 2, இரவு

நீங்கள் பார்த்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

நானும் வார இறுதியில் ஒரு நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிற ஆள்தான். சம்பளம் கிடையாது, அதனால் வாய் கொஞ்சம் நீளம். எங்களிடமும் ஆரம்பத்தில் இதே நிலைதான்: கூட்டம் அலைமோதும், இரவல் கணக்கில் ஒன்றும் ஏறாது. கதை நடந்தது மாடிக் கூடத்தில். குழந்தைகள் பகுதி கீழே, அதுவும் உள்ளடங்கி. கதை முடிந்து படியிறங்கினால் நேராகக் கண்ணில் படுவது வாசல். வாசலைப் பார்த்துவிட்ட ஐந்து வயதுப் பிள்ளை அலமாரிப் பக்கம் திரும்புமா?

அப்புறம் பாயைக் கொண்டுவந்து குழந்தைகள் அலமாரிக்கு முன்னாலேயே விரித்தோம். இட நெருக்கடிதான், முழங்கால் இடிக்கும். ஆனால் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசைப் பிள்ளை ஒன்று கையை நீட்டி ஒரு புத்தகத்தை உருவிக்கொள்ளும். நான் வாசிப்பதைக் கேட்காமல் அதைப் புரட்டும். புரட்டட்டுமே, அதற்குத்தானே அங்கே உட்கார வைத்தோம்.

ஆகவே என் முதல் கேள்வி: உங்கள் நூலகத்தில் கதை நடக்கும் இடத்திலிருந்து குழந்தைகள் அலமாரி எவ்வளவு தூரம்?

மார்ச் 3

அலமாரியில் புத்தகங்கள் எப்படி நிற்கின்றன என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம், சில அதைவிட மெலிசு. முதுகில் தலைப்பு அச்சிடவே இடமிருக்காது. அதை முதுகு காட்டி நெருக்கி அடுக்கினால் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெரியவருக்கே ஒன்றும் புரியாது, சின்னப் பிள்ளை என்ன செய்யும்? அட்டைப்படம் முன்னால் தெரிய வேண்டும், அதுவும் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குள்.

நூலகவியலாளர் ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது முதல் விதியை: நூல்கள் பயன்பாட்டுக்கே. குழந்தைகள் பகுதிக்கு வேண்டியது மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அதாவது நூல்தான் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அலமாரிகள் திறந்திருக்க வேண்டும், வாசகரே கைபோட்டு எடுக்க வேண்டும் என்று அவர் வாதாடியதும் இந்த விதியை வைத்துத்தான். பிள்ளைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியாது. பார்த்தால்தான் தெரியும்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

“அட்டை தெரிய வைத்தால் பத்துப் புத்தகம் நிற்கிற இடத்தில் இரண்டுதான் நிற்கும், மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் அப்படி வைக்கச் சொல்லவில்லை சார். கீழ் வரிசை ஒன்றை மட்டும் ஒதுக்குங்கள். வாராவாரம் மாற்றுங்கள். படப் புத்தகங்களை அகலமான பெட்டியில் நிறுத்தி வைத்தாலும் சரி, பிள்ளைகள் விரலால் தள்ளித் தள்ளி அட்டை பார்த்துக்கொள்வார்கள்.

பெட்டி கலைந்து கிடக்கும். கிடக்கட்டும்.

மார்ச் 6

கதையைச் சொல்வதா, புத்தகத்தைக் கையில் வைத்து வாசிப்பதா என்று இங்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. நான் புத்தகக் கட்சி. நன்றாகக் கதை சொல்கிறவர்கள்மேல் எனக்குப் பொறாமையே உண்டு. குரலை மாற்றி, எழுந்து ஆடி, பிள்ளைகளைக் கட்டிப்போட்டு விடுவார்கள். ஆனால் கதை முடிந்ததும் பிள்ளை திரும்பிப் போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது. கதை அந்த மாமாவிடமோ அத்தையிடமோ இருக்கிறது, அவர் வீட்டுக்குப் போய்விட்டார். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் கதை இந்தப் பொருளுக்குள் இருக்கிறது, இதை நாமும் கையில் எடுக்கலாம் என்பது தானாக விளங்கும்.

வாசிப்பதிலும் கைப்பழக்கம் வேண்டும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தால் படம் தெரிவது உங்களுக்கு மட்டும்தான். பக்கவாட்டில் தோளுயரத்துக்குத் தூக்கி, அடியில் பிடித்துக்கொண்டு, எழுத்தை ஓரக்கண்ணால் வாசிக்க வேண்டும். கை வலிக்கும். ஜப்பானில் காமிஷிபாய் என்று ஒன்று இருக்கிறது, 1930-களில் தெருவில் கதை சொல்கிறவர்கள் சைக்கிளில் கொண்டுபோனது. பெரிய பட அட்டைகள், மரச்சட்டத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக உருவ வேண்டும். முன்னால் நிற்கும் படத்துக்கான வாசகம் கடைசி அட்டையின் பின்பக்கத்தில், சொல்கிறவர் கண்ணெதிரே இருக்கும். முதல் அட்டையை உருவிக் கடைசியில் செருகினால் அடுத்த படத்துக்கான வாசகம் வந்துவிடும். கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கெட்டி அட்டையில் பிள்ளைகளை வைத்தே ஒரு கதைக்குச் செய்து பார்க்கலாம்.

இன்னொன்று, நிறுத்தி நிறுத்திக் கேட்பது. 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: நீங்களே வாசித்துக்கொண்டு போகாதீர்கள், பிள்ளையைப் பேச விடுங்கள், அது சொன்னதை எடுத்து இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள், வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிடப் பேச்சில் முன்னே போயிருந்தார்கள். பாயில் நிறையப் பேர் இருக்கும்போது ஒவ்வொருவரையும் பேச விட முடியாதுதான். ஆனால் பக்கத்தைத் திருப்பிவிட்டு மூன்று எண்ணும் நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அந்த இடைவெளியில் யாராவது ஏதாவது சொல்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு புத்தகம் வாசித்தேன். பல தடவை வாசித்த புத்தகம்தான். நடுவில் ஒரு சிறுமி முழங்காலில் எழுந்து வந்து, பக்கத்தின் அடி ஓரத்தில் விரலை வைத்து, “இது அங்கேருந்து இங்க வந்துருக்கு” என்றாள். நத்தை. கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஓவியர் பக்கத்துக்குப் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தி வைத்திருக்கிறார். அவ்வளவுதான், கதை காலி. எல்லோரும் என்னை முதல் பக்கத்துக்குத் திருப்பச் சொல்லி நத்தையைத் துரத்தினார்கள். முடிந்ததும் அந்த ஒற்றைப் புத்தகத்துக்கு அடிதடி. இரவலுக்கு ஆளில்லை என்று யார் சொன்னது, புத்தகம்தான் இல்லை.

மார்ச் 7

அதைத்தான் நேற்றே சேர்த்து எழுதியிருக்க வேண்டும். வாசிக்கப்போகும் புத்தகத்துக்கு இன்னொரு பிரதியாவது இருக்கிறதா என்று நூலகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் அதே ஓவியர், அதே மிருகம், அதே மாதிரிக் குறும்பு உள்ள நாலைந்து புத்தகங்களை எடுத்துப் பாயோரம் வைத்துவிடுங்கள். கதை முடியும்போது கைக்கு எட்ட வேண்டும். “அந்தப் பக்கம் நிறைய இருக்கு, போய்ப் பாருங்க” என்றால் யாரும் போக மாட்டார்கள்.

மார்ச் 8

எழுத்துத் தமிழில் இருப்பதை அப்படியே வாசிப்பதா, பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்வதா என்று கேட்டவருக்கு: நான் இரண்டும் செய்கிறேன். கதாபாத்திரம் பேசும் இடத்தில் பேச்சுத் தமிழ். கதை நகரும் இடத்தில் அச்சில் உள்ளபடி. முழுக்கப் பேச்சுத் தமிழுக்கு மாற்றினால் அன்றைக்குக் கதை நன்றாகப் புரியும். ஆனால் அதே புத்தகத்தை வீட்டில் தானாகப் பிரிக்கும் பிள்ளைக்கு உள்ளே வேறு மொழி இருப்பது போலத் தோன்றும். காதில் முதலில் விழுந்துவிட்ட வாக்கியத்தைக் கண்ணால் படிப்பது சுலபம். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், பாயில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

மார்ச் 11

“கதை முடிந்ததும் நீதி என்னவென்று கேட்க வேண்டாமா?”

வேண்டாம். நத்தையிடம் என்ன நீதி கேட்பது?

மார்ச் 12

சரி, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், மேலே எழுதியது சிலருக்குக் கோபம் வரவைத்திருக்கிறது. நூலகத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகம் பிரிக்கும் பெற்றோரைக் கவனித்துப் பாருங்கள். கடைசிப் பக்கம் வந்ததும் குரல் மாறும். “என்ன தெரிஞ்சுகிட்ட?” அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளை நிமிர்ந்து உட்காரும். தேர்வு ஆரம்பித்துவிட்டது. அடுத்த முறை அந்தப் பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போகாது, தூணுக்குப் பின்னால் போகும். தூணுக்குப் பின்னால் படிப்பது நல்லதுதான் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது.

மார்ச் 14

விடுமுறை வாசிப்புப் போட்டி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை புத்தகம் படித்தால் இந்தப் பரிசு, சுவரில் பெயருக்கு நேராக நட்சத்திரம். ஒரு விடுமுறையில் நாங்களும் நடத்தினோம். இரவல் கணக்கு எகிறியது, நூலகர் மேலிடத்துக்கு அனுப்ப அருமையான எண். ஆனால் அலமாரியில் எது காலியாகிறது என்று பார்த்தால் இருப்பதிலேயே மெலிசான புத்தகங்கள்தான். ஒரு பையன் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கடைசிப் பக்க எண்ணைப் பார்ப்பான், அப்புறம்தான் அட்டையை.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பள்ளியில் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியிடம் மட்டும் “வரைந்தால் பரிசு” என்று முன்கூட்டிச் சொன்னார்கள், கொடுத்தும் விட்டார்கள். பிறகு ஒருநாள் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். இதில் பலரும் விட்டுவிடும் பாதி என்னவென்றால், சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. கெடுத்தது பரிசு இல்லை, பேரம்.

ஆக, பரிசே கூடாது என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பதும் அதிகப்படி. எண்ணிக்கை போடாதீர்கள், முன்கூட்டி அறிவிக்காதீர்கள். கடைசி நாளில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நூலடையாள அட்டை கொடுங்கள்.

மார்ச் 15

பரிசு என்றதும் இது நினைவுக்கு வந்தது. எங்கள் நூலகத்தில் இன்னமும் புத்தகத்தின் உட்பக்கத் தாளில் தேதி முத்திரைதான். ஒருநாள் கூட்டம் அதிகம், நூலகர் ஸ்டாம்பைப் பிள்ளை கையில் கொடுத்து “நீயே குத்திக்கோ” என்றுவிட்டார். மைத்திண்டில் அமுக்கி, இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு குத்துகிற அழகைப் பார்க்க வேண்டும். பாதி முத்திரை தலைகீழ். தேதி எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஸ்டாம்ப் குத்துவதற்காகவே புத்தகம் எடுக்க ஆரம்பித்தவர்கள் உண்டு. இது பேரமா இல்லையா என்று இரவெல்லாம் யோசித்தேன். இல்லை என்று தீர்ப்பளிக்கிறேன், எனக்கு வேண்டிய தீர்ப்பு அதுதான்.

மார்ச் 19

இன்று ஒரு அம்மா எழுதியிருப்பது முக்கியம்: “எடுத்துட்டுப் போனா கிழிச்சுடுவான், அபராதம் யார் கட்டறது, அங்கேயே பாத்துட்டு வெச்சுடுன்னு சொல்லிடுவேன்.” புத்தகம் வெளியே போகாததற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம்தான். பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, பெரியவர்தான் அலமாரியில் திருப்பி வைக்கச் சொல்கிறார்.

தாமத அபராதத்தை சிகாகோ நகர நூலகம் 2019-இல் ஒழித்தது, நியூயார்க் 2021-இல். சிகாகோவில் அதற்குப் பிறகு, வருடக்கணக்கில் வராத புத்தகங்கள் திரும்பி வந்தன, அவற்றோடு ஆட்களும் வந்தார்கள். அபராதத்துக்குப் பயந்தவர் புத்தகத்தை மட்டும் ஒளிப்பதில்லை, தானும் வராமல் நின்றுவிடுகிறார். அங்கேகூடப் புத்தகத்தைத் தொலைத்தால் ஈடு கட்டத்தான் வேண்டும். போனது தாமதத்துக்கான தண்டனை மட்டும். இங்கே ஒருவர் “அப்போ யாரும் திருப்பியே தர மாட்டாங்களே” என்று எழுதியதற்கு இதுதான் பதில்.

கிழிவதைப் பற்றி. சின்னப் பிள்ளை கைக்குப் போனால் கிழியும். கிழிந்ததை வீட்டில் சாதா டேப் போட்டு ஒட்டிக் கொண்டுவராதீர்கள். சில வருடத்தில் அது மஞ்சளித்து, பசை கசிந்து, அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கிழிந்தபடியே கொண்டுவந்து கொடுங்கள், நூல் பழுதுக்கென்றே தனி ஒட்டுத்தாள் விற்கிறது. எங்களிடம் மாதத்தில் ஒருநாள் பெரிய பிள்ளைகளை வைத்துப் புத்தக வைத்தியம் நடக்கிறது. கிழிந்த ஓரத்தின் நார்களை எதிரெதிரே பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு எலும்புக்கத்தியால் (தாளை நீவுகிற மழுங்கலான பட்டை அது, வெட்டாது) நீவ வேண்டும். எல்லாச் செயல்பாடுகளிலும் சத்தமே இல்லாமல் நடப்பது இது ஒன்றுதான். ஒட்டிய புத்தகத்தை அவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், “இது நான் செஞ்சது” என்று.

மார்ச் 24

பிள்ளைகள் சத்தத்தால் மற்றவர்கள் படிக்க முடியவில்லை என்று இங்கே ஒரு சண்டை. அதில் நான் பிள்ளைகள் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பாதிதான். செய்தித்தாள் படிக்க வருகிற பெரியவருக்கு வேறு இடமில்லை. தேர்வுக்குப் படிக்கிற இளைஞருக்கு வீட்டில் மேசை இல்லை. அவர்கள் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. கதை நேரத்தைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டினால் முறைப்பு பாதி குறையும், ஏனென்றால் எப்போது முடியும் என்பது தெரிந்துவிடும். மற்ற நேரத்தில் பிள்ளைகளை “உஷ்” போட்டு அடக்க வேண்டியதில்லை, ஓடாமல் இருந்தால் போதும்.

ஆனால் “நூலகம் பிள்ளைகளுக்கான இடமே இல்லை” என்று எழுதியவருக்கு மட்டும்: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் உங்கள் கட்சிதான். பன்னிரண்டு, பதினான்கு வயது ஆகாவிட்டால் உள்ளே சேர்க்கை இல்லை. நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் பிள்ளைகளுக்கென்று தனி அறைகள் வந்தன. யுனெஸ்கோ 1949-இல் பொது நூலக அறிக்கையை வெளியிட்டது. 1994-இல் நூலகச் சங்கங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து கொண்டுவந்த பதிப்பில், நூலகத்தின் பணிகள் என்று அடுக்கியதில் முதலாவதே சிறு வயதிலிருந்து பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதும் பலப்படுத்துவதும்தான்.

மார்ச் 30

பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்கிறீர்கள். ஆமாம், காகிதக் கொக்கு மடிக்க அவர்களுக்குக் கூச்சம். அவர்களுக்கு வேலை கொடுங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி தசம முறை 1876-இல் வந்தது, இன்னமும் பெரியவர்களில் பாதிப் பேர் நூலகருக்குத்தான் அது என்று நினைக்கிறார்கள். ஒரு பையனுக்கு 567.9 என்றால் டைனோசர் என்று காட்டிக் கொடுத்தேன். 398.2-இல் நாட்டுப்புறக் கதைகள் இருப்பதை அவனே கண்டுபிடித்துவிட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துக்கொண்டு போகிறான். காமிக்ஸ் படித்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதும்.

தடுமாறித் தடுமாறி வாசிக்கும் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் நம் செயல்பாடுகள் எதுவும் பொருந்துவதில்லை. எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னால் அடுத்த வாரம் வர மாட்டார்கள். 1999-இல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில், பயிற்சி பெற்ற நாய்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டும் திட்டம் ஒன்று ஆரம்பமாகி நிறைய நூலகங்களுக்குப் பரவியது. நாய் திருத்தாது, அவசரப்படுத்தாது. நமக்கு நாய் வேண்டியதில்லை, எழுத்து தெரியாத தம்பி தங்கைகள் போதும். நாலு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டு என்று பதினொரு வயதுப் பெண்ணிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தால், தன் வயதுக்கு எளிதான புத்தகத்தை அவமானமில்லாமல் அவள் படிக்கலாம். எங்கே தவறினாள் என்று அந்த வாண்டுக்குத் தெரியப்போவதில்லை.

ஏப்ரல் 5

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பாயை அலமாரிப் பக்கம் மாற்றச் சொல்லி நூலகர் ஒத்துக்கொண்டாராம், பிள்ளைகள் நன்றாகப் புரட்டுகிறார்களாம், ஆனாலும் எடுத்துப் போகிறவர்கள் கொஞ்சம்தான் கூடியிருக்கிறார்களாம்.

ஒன்று கேட்கிறேன். கதைக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேரிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறது? இதை இந்த இழையில் இதுவரை யாருமே கேட்கவில்லை.

ஏப்ரல் 7

விசாரித்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்: பெரும்பாலோரிடம் இல்லை. அட்டை வாங்க முகவரிச் சான்று, பெற்றோர் கையெழுத்து, முன்பணம். அதையும் வாரநாளில் அலுவலக நேரத்தில்தான் வாங்குவார்களாம். கதை சனிக்கிழமை!

பிறகு எப்படிப் புத்தகம் வெளியே போகும்? ஆசை காட்டுவது ஒரு நாள், அனுமதிச் சீட்டு கொடுப்பது வேறொரு நாள். முன்பணத்தையும் சான்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. படிவத்தைச் சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு மேலிடம் எதுவும் வேண்டியதில்லை, நூலகர் மனசு வைத்தால் போதும். அட்டை கைக்கு வரும்வரை பெற்றோர் யாராவது உறுப்பினராக இருந்தால் அவர் கணக்கிலேயே ஒரு புத்தகம் கொடுக்கலாம்.

ஏப்ரல் 8

படிவத்தைக் கடைசியில் கொடுக்காதீர்கள், செருப்பு மாட்டும் அவசரத்தில் யாரும் நிரப்ப மாட்டார்கள். கதை ஆரம்பிக்கும்போதே பின்னால் சுவரோரம் போனைத் தடவிக்கொண்டு நிற்கும் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள், கதை முடிவதற்குள் நிரப்பிவிடுவார்கள். படிவத்தை வைத்து எழுதப் பத்துப் பலகை, பத்துப் பேனா வேண்டும். பேனாவைக் கயிற்றில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வராது.